சோதனைக்கு எங்கள் குடும்பம்

என் கணவர் செல்போனுக்கு ஆப் செய்கிறவர். கல்யாணப் பேச்சு நடந்தபோதே அப்பா இவரிடம் கேட்டார்.

"அதெல்லாம் சரி, எங்க உக்காந்து செய்வீங்க?"

"எங்க வேணும்னாலும் மாமா."

அன்றைக்கே அப்பாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அவர் முப்பது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து குளியலறை டைல்ஸ் விற்கிறவர். எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து செய்வது அவர் கணக்கில் வேலையே இல்லை.

ஆனால் ஆரம்பம் அமர்க்களமாகத்தான் இருந்தது. போனில் டார்ச் பட்டன் இல்லாத காலம் அது. இவர் ஒரு டார்ச் ஆப் செய்தார். தொட்டால் எரியும், மறுபடி தொட்டால் அணையும், அவ்வளவுதான். லட்சம் பேர் அதை இறக்கிக்கொண்டார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் யாராவது போனை நோண்டினால் போதும், "நம்ம ஆளா இருக்கும்" என்று என் காதில் கிசுகிசுப்பார். பிறகு போன் தயாரிக்கிற கம்பெனிகளே டார்ச்சை உள்ளே வைத்து விற்க ஆரம்பித்தார்கள். லட்சம் பேரும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள்.

"டைல்ஸுக்கு அப்டேட் கிடையாது மாப்பிள்ளை," என்றார் அப்பா. "ஒரு தடவை ஒட்டினா முப்பது வருஷம்."

அடுத்து ஒரு கம்பெனியில் சேர்ந்தார். கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அட்டை, மூலைக்கு மூலை காபி மெஷின். அங்கேதான் இவருடைய கெட்ட பழக்கம் முற்றியது. ஒரு ஆப்பை வெளியே விடுவதற்கு முன் பொய்யாகச் சில வாடிக்கையாளர்களைப் போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். மற்றவர்கள் வாயில் வந்த பெயரைத் தட்டிவிட்டுப் போவார்கள். இவர் எங்கள் குடும்பத்தையே இறக்கிவிடுவார். காய்கறி ஆப்பில் என் அப்பா நானூறு கிலோ வெங்காயம் வாங்கினார். சித்தப்பா ஒரே ஒரு பச்சை மிளகாய் வாங்கி, அதையும் அழுகல் என்று திருப்பி அனுப்பினார். டாக்ஸி ஆப்பில் நான் சமையலறையிலிருந்து ஹாலுக்கு வண்டி பிடித்துப் போனேன். நிஜத்தில் அந்த மனிதர் என்னை ஒரு டாக்ஸியில் ஏற்றியதில்லை.

நாலு வருடம் நன்றாக ஓடியது. ஒரு காலையில் இவர் அட்டையை நீட்ட, கதவு திறக்கவில்லை. ரிப்பேர் என்று நினைத்து இன்னொரு கதவுக்குப் போயிருக்கிறார். அதுவும் திறக்கவில்லை. கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்பது மூன்றாவது கதவில்தான் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு வீட்டிலேயே உட்கார்ந்து ஆறு ஆப் செய்தார். அதில் ஒன்று செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி நினைவூட்டும். அதைச் செய்கிற மும்முரத்தில் எங்கள் வீட்டுச் செடிகள் இரண்டும் கருகிவிட்டன. ஆறையும் சேர்த்து மொத்தம் நாற்பது பேர் வைத்திருந்தார்கள். பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள்.

கடைசியில் அப்பா நேரடியாகச் சொல்லிவிட்டார். "அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை கடைக்கு வந்துடுங்க மாப்பிள்ளை. மேஜை ஒதுக்கியாச்சு."

இவர் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "அங்க போயிட்டேன்னா திரும்ப இதுக்கு வரமாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்."

நான் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருக்கிறேன். அந்த வாரம் இவருக்காக எங்கள் டாக்டரம்மாவின் காலைப் பிடிக்காத குறை. நோயாளிகள் எண் போட்ட பிளாஸ்டிக் அட்டையைப் பிடித்துக்கொண்டு காத்துக் கிடக்கிறார்களே, அதற்குப் பதில் ஒரு ஆப். போனிலேயே எண் வரும். கூடத்து டிவியில் அடுத்தவர் பெயர் வரும். டாக்டரம்மா உள்ளிருந்தபடி 'அடுத்து' என்று ஒரு பட்டனை அழுத்தினால் போதும். "ஒரு வாரம் போட்டுப் பாப்போம்" என்றார். பிடித்தால் அவருடைய மற்ற இரண்டு கிளினிக்குகளிலும் வைப்பார். பிடிக்காவிட்டால் டைல்ஸ்தான்.

முதல் நாள். மாப்பிள்ளை பிழைப்பை நேரில் பார்த்துவிடலாம் என்று அப்பா தன் கடைவாய்ப் பல்லோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். கூடத்தில் பதினைந்து பேர். இவர் மூலையில் லேப்டாப்போடு. டாக்டரம்மா பட்டனை அழுத்தினார். டிவியில் பெரிய எழுத்தில் வந்தது:

டோக்கன் 1. சித்தப்பா. புகார்: பல் செட்டை விழுங்கிவிட்டார்.

இவர் சோதனைப் பட்டியலை மாற்றாமல் அப்படியே கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். உள்ளே யாரும் வராததால் டாக்டரம்மா மறுபடி அழுத்தினார்.

டோக்கன் 2. மனைவி. புகார்: பல்லை நறநறவென்று கடிக்கிறார்.

கூடம் சிரித்தது. நான் இவரைப் பார்த்தேன். அந்தப் புகார் அந்த நிமிடம் நூற்றுக்கு நூறு உண்மை. "நிறுத்தித் தொலைங்க" என்று வாயசைத்தேன். நிறுத்தினால் எல்லோர் போனிலும் எண் அழிந்துவிடும் என்று இவர் கையசைத்தார். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

டோக்கன் 3. மாமனார். வயது 108. புகார்: வாய் ஓயவில்லை.

அப்பா எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்தைப் பார்த்து, "நான்தான் மாமனார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இனி ஆண்டவனே வந்தாலும் இவரை டைல்ஸ் கடையிலிருந்து மீட்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரம் கழித்து அப்பா கடைவாயில் பஞ்சோடு வந்தார். விஷயம் தெரிந்து டாக்டரம்மா பின்னாலேயே வந்தார். "ரொம்ப சாரி சார். இது சரிப்படாது, இப்பவே எடுத்துடலாம். பழைய அட்டையே போதும்." இவர் தலையைக் குனிந்துகொண்டு டிவி பக்கம் நடந்தார். டிவியில் அடுத்த பெயர் வந்து நின்றிருந்தது.

டோக்கன் 4. மாமியார். வயது 61. புகார்: ஒன்றுமில்லை. மாமாவுக்குத் துணையாக வந்திருக்கிறார்.

அப்போது அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ஒரு தும்மல் என்றாலும் டாக்டரிடம் கூட வந்து உட்கார்ந்திருந்தவர். கூடத்தில் இருந்தவர்கள் இதற்கும் சிரித்தார்கள், அவர்களுக்கென்ன தெரியும்.

அப்பா கையை நீட்டி இவரைத் தடுத்தார். பஞ்சு வழியாகக் குழறினார். "இருக்கட்டும். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

பக்கத்து நாற்காலியில் யாரோ வைத்திருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னேன். அவர் உள்ளே போனார். பத்து நிமிடம் பட்டனை அழுத்தவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சமாளித்தேன்.

மதியம் இவர் பட்டியலைச் சரிசெய்தார். டாக்டரம்மா, "வாரம்னு சொன்னேன், வாரம் முடியட்டும்" என்றார். வாரம் முடிந்தது, ஆப் அங்கேயே இருக்கிறது.

அந்த முதல் நாள் கிளம்பும்போதே வாசலில் அப்பா இவரிடம் கேட்டார். "எங்க ரெண்டு பேர் நம்பரையும் பக்கத்துல பக்கத்துல போட்டது மெஷினா, நீங்களா?"

"நான்தான் மாமா. எல்லா ஆப்லயும் அப்படித்தான் போடுவேன். அத்தைய எடுக்க மனசு வரல."

அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"திங்கக்கிழமை நீங்க வர வேணாம். கடைக்கு வேற ஆள் பாத்துட்டேன்."

ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த ஆளை நாங்கள் யாரும் இன்னும் பார்க்கவில்லை. அப்பாவே பில் போட்டு, அப்பாவே டைல்ஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.