ஃபைவ் மினிட்ஸ், சார்

நாலு வயதில் என் மகளிடம் இரண்டு மொழிகள் இருந்தன. ஒன்று வீட்டிலும் தெருவிலும் பீச் மணலிலும் பேசுகிற எங்கள் சாந்தோம் தமிழ். இன்னொன்று அவள் அப்பா கற்றுக்கொடுத்த இங்கிலீஷ். அவர் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் கார் ஓட்டினார். ஏர்போர்ட்டில் இறங்குகிறவர்களை ஹோட்டலில் கொண்டுபோய் விடுகிற வேலை. அவருடைய இங்கிலீஷ் மொத்தமும் பின்சீட்டில் பேசியவர்களிடமிருந்து பொறுக்கிச் சேர்த்தது. அதனால் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'சார்' ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைக்கும் அது அப்படியே வந்துவிட்டது. "குட் மார்னிங், சார். மை ஃபாதர் இஸ் எ டிரைவர், சார்." மாதா கோயிலில் சிஸ்டரைப் பார்த்தாலும் அவளுக்கு சார்தான்.

"யோவ், உன் இங்கிலீஷு மீனம்பாக்கம் ஏர்போர்ட் கேட்டைத் தாண்டாது. பிள்ளையைக் கெடுத்து வைக்காத" என்று திட்டுவேன்.

"தாண்டும்மே. நீ வேணா பாரு" என்பார்.

அவர் குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்துத்தான் போன் அடிக்கும். காருக்காகக் காத்திருக்கும் யாராவது கூப்பிடுவார்கள். இவள் ஓடிப்போய் எடுப்பாள். அதற்கும் பாடம் நடத்தி வைத்திருந்தார். "மை ஃபாதர் இஸ் கமிங், சார். ஃபைவ் மினிட்ஸ், சார்." சொல்லிவிட்டு பாத்ரூம் கதவைத் தட்டி, "அப்பா, சீக்கிரம் வா, சார் வெயிட் பண்றாரு" என்று தமிழில் கத்துவாள். உள்ளே அவர் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

அடையாறில் அப்படி ஒரு ஸ்கூல் இருப்பதை அவருக்குச் சொன்னது காரில் வந்த ஒரு அம்மா. காலையில் எல்லாப் பாடமும் தமிழில், சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாம் இங்கிலீஷில். கணக்கைக்கூட இரண்டிலும் சொல்லித் தருவார்களாம். அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தமிழ் இல்லாம வளந்துச்சுன்னா நம்மகிட்ட இன்னாமே பேசும்? இங்கிலீஷ் சரியா இல்லாம வளந்துச்சுன்னா என்னைய மாதிரி சார் சார்னுகினு நிக்கும். அங்கதான் சேக்கறோம்."

என் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் அசோக் நகரில் இருக்கிறான். அவன் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். தமிழில் பேசினால் டைரியில் எழுதி அனுப்புவார்கள். அதில் அவனுக்கு ஏகப் பெருமை. "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலா? ரெண்டுங்கெட்டானா பூடும்" என்றான். இவர் மறுநாளிலிருந்தே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பிள்ளைக்கு இன்டர்வியூ நடத்த ஆரம்பித்துவிட்டார். அவர்தான் ஹெட்மாஸ்டர். நான் டீ கொண்டுபோகிற பியூன்.

அந்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். ஏர்போர்ட் பார்க்கிங்கில், ஒரு பிளைட்டுக்காகக் காத்திருந்தபோது மாரடைப்பு. ஏசி ஓடிக்கொண்டே இருந்ததாம். தூங்குகிறார் என்று நினைத்துப் பக்கத்து வண்டிக்காரர் எழுப்பாமல் விட்டிருக்கிறார். பாவி மனுஷன், போகிற போக்கில் யாரிடமும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, இன்றும் அப்படித்தான்.

பிள்ளையைக் கல்லறைக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தார்கள். நான் கூட்டிப்போனேன். அவளும் ஒரு பிடி மண் போட்டாள். முப்பதாம் நாள் பூசைக்கு அவளே மெழுகுவத்தி ஏற்றினாள். தெருவில் யார் கேட்டாலும், "எங்க அப்பா செத்துட்டாரு. கல்லறைல கீறாரு" என்று பளிச்சென்று சொல்வாள். கேட்டவர்களுக்குத்தான் முகம் கோணும். பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாலை, அவருடைய போன் அடித்தது. அந்த நம்பரை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அடுப்படியிலிருந்து நான் வருவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். "மை ஃபாதர் இஸ் கமிங், சார். ஃபைவ் மினிட்ஸ், சார்." போனை வைத்துவிட்டுக் கலர் அடிக்கப் போய்விட்டாள். பாத்ரூம் கதவைத் தட்டவில்லை. நான் கரண்டியோடு நின்றேன். தமிழில் அவரைப் புதைத்தாயிற்று. இங்கிலீஷில் அவர் இன்னும் குளித்துக்கொண்டிருந்தார். அந்த மொழியில் அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளோடு அதைப் பேசியது அவர் ஒருவர்தானே.

அடையாறிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் வந்து உட்கார்ந்தான். "தபாரு, அங்க அப்பா இன்னா பண்றாருன்னு கேப்பாங்க. இது டிரைவர்னு சொல்லும். பிள்ளை பொய் சொல்லுதுன்னு நெனப்பாங்க. மை ஃபாதர் இஸ் நோ மோர்னு சொல்லிக் குடு."

சொல்லிக்கொடுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எனக்கும் இங்கிலீஷ் ஓடாது. தி.நகரில் துணிக்கடையில் சுடிதார் செக்‌ஷனில் நிற்கிறவளுக்கு சைஸும் கலரும் சொல்லத் தெரிந்தால் போதும். "மை ஃபாதர்" என்றேன். அவள் அழகாகத் திருப்பிச் சொன்னாள். அடுத்த வார்த்தைக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வரவில்லை. "போதும், போய் விளையாடு" என்றேன்.

இன்டர்வியூவுக்கு அண்ணனும் வந்தான். பெரிய டீச்சர் ஒருவர், பக்கத்தில் இளவயசு தமிழ் டீச்சர் ஒருவர். பெரிய டீச்சர் பெயர் கேட்டார், கலர் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு சார் வைத்துப் பதில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு அண்ணனைக் காட்டி, இவர்தான் அப்பாவா என்று இங்கிலீஷிலேயே கேட்டார். அவள் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள்.

"மை ஃபாதர் இஸ் கமிங், சார். ஃபைவ் மினிட்ஸ், சார்."

"ஓ, வரட்டும். வெயிட் பண்ணலாமே" என்றார் பெரிய டீச்சர். வாசலைப் பார்த்தார். தமிழ் டீச்சரும் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

தமிழ் டீச்சர் பேச்சுக் கொடுப்பதற்காகக் கேட்டார். "அப்பா எங்கம்மா போயிருக்காரு?"

"அப்பா செத்துட்டாரு மிஸ். கல்லறைல கீறாரு. நாங்க மெழுகுவத்தி கொளுத்தினோம்" என்றாள் பிள்ளை.

பெரிய டீச்சர் என் பக்கம் தண்ணீரை நகர்த்தி வைத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார், "நாங்களா எதையும் திருத்த மாட்டோம்மா. ஆனா மத்தியான கிளாஸ்ல குடும்பத்தைப் பத்தி பாடம் வரும், கூட இருக்கற பசங்க பேசுவாங்க, கேப்பாங்க. அப்பா இல்லைங்கறது இங்கிலீஷ்லயும் அவளுக்குத் தானா வந்துரும். நீங்க அதைத் தெரிஞ்சுக்கிட்டே சேத்துவிடுங்க."

இடம் கிடைத்தது. பணம் கட்ட ஒரு வாரம் கொடுத்தார்கள். எங்கள் தெருமுனையிலேயே நான் படித்த தமிழ் மீடியம் பள்ளி இருக்கிறது. அங்கே சேர்த்தால் இங்கிலீஷ் ஒரு பாடம், அவ்வளவுதான். நாலைந்து வருஷத்துக்கு அவள் வாயில் அப்பாவின் இங்கிலீஷ் அப்படியே கிடக்கும். அவரும் ஐந்து நிமிடத்தில் வந்துகொண்டே இருப்பார். எனக்கு அந்த ஆசை இருந்தது. நிறையவே இருந்தது. கோயிலில் உட்கார்ந்து அவரிடமே சண்டை போட்டேன். யோவ், உன்னை நானே போய் சாகடிக்கணுமாய்யா என்று கேட்டேன். பதிலா வரும்? செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்ற அந்த முகம்தான் வந்தது. அங்கதான் சேக்கறோம் என்று அவர் சொன்னதை மீற எனக்குத் தெம்பு இல்லை. அடையாறிலேயே சேர்த்தேன்.

அதன் பிறகு தினமும் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். கடையிலிருந்து வந்து அரிசி களையும்போது, எனக்குத் தெரிந்த ஒரே ஒரு கேள்வியைக் கேட்பேன். "வேர் இஸ் யுவர் ஃபாதர்?" அவள் விளையாட்டாக உடனே சொல்வாள், "கமிங், சார். ஃபைவ் மினிட்ஸ், சார்." அதைக் கேட்டுவிட்டுத்தான் எனக்கு அடுப்புப் பற்ற வைக்கவே கை வரும். ஸ்கூலில் சாருக்குப் பதிலாக மிஸ் என்று சொல்லப் பழகிவிட்டாள். என்னிடம் மட்டும் சார் என்றே சொன்னாள்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து ஸ்கூல் திறந்து சில நாள் ஆகியிருக்கும். தரையில் உட்கார்ந்து ஒரு வீடு வரைந்துகொண்டிருந்தாள். நான் வழக்கம்போல அரிசியில் கையை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"வேர் இஸ் யுவர் ஃபாதர்?"

அவள் பென்சிலை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கிற சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, அப்பா டைடு. யூ நோ தட், அம்மா."

இங்கிலீஷ் சுத்தமாக இருந்தது. அவர் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தது. என் பதிலுக்காக அவள் காத்திருந்தாள்.

"யெஸ், சார்" என்றேன்.