தேவசகாயம் வீட்டை நடத்துவது யார்?

சர்ச் மூப்பர்மார் மூணு பேரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத் தெருவில் நடந்து வந்தால், எங்க ஊரில் ஒன்று சாவு, இல்லை கல்யாணப் பேச்சு.

போன சனிக்கிழமை ரெண்டும் இல்லை. தேவசகாயம் வீட்டுக்கு விசாரணைக்குப் போனார்கள். என்ன விசாரணை? அந்த வீட்டை நடத்துவது புருஷனா, பெண்டாட்டியா... அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சபைக்குச் சொல்வதற்கு!

சிரிக்காதீர்கள். அதில் ஒருத்தியின் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது.

எங்க ஊர் ஆரம்பாக்கத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. சுத்தி வயல், நடுவில் ஓடு போட்ட சின்ன சர்ச்; நாங்கள் கோயில் என்போம். ஐயர், அதாவது பாதிரியார், மாசத்துக்கு ஒரு தடவை வருவார். மத்த ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார். கோயிலுக்கு வெள்ளை அடிப்பதிலிருந்து, யாருக்கு யாரோடு சண்டை என்று தீர்த்து வைப்பது வரை மூப்பர்மார் பொறுப்பு. நாலு மூப்பரில் ஒருத்தர் தவறிப்போனதில் ஓர் இடம் காலி.

அந்த இடத்துக்கு உபதேசியார் தேவசகாயம் பேரைச் சொன்னார். அங்கேதான் ஆரம்பித்தது.

தேவசகாயம் எண்ணூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவன். மெஷினில் மாட்டி வலது கையில் ரெண்டு விரல் போச்சு. கூடவே வேலையும் போச்சு. கொஞ்ச நாள் வீட்டு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி எஸ்தர் உட்காரவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதுசாக வந்த மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். காலை பாசஞ்சரில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். இப்போது அவளை பர்மனன்ட் ஆக்கப் போகிறார்கள்.

அப்போ வீடு?

வீடு தேவசகாயம் கைக்கு வந்தது. குழாயடியில் பொம்பளைகளுக்கு நடுவே குடம் வைத்துக்கொண்டு நிற்பான். மாவு அரைப்பான். ரெண்டு பெண் பிள்ளைகளுக்கும் தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்புவான். விரல் போன கையால் அவன் பின்னுகிற ஜடை சாயங்காலம் வரைக்கும் அவிழாது!

உபதேசியார் பேரைச் சொன்னதும் சாமுவேல் மூப்பர் எழுந்தார். ரயில்வேயில் கேங்மேன்களுக்கு மேஸ்திரியாக இருந்து ரிட்டயரானவர். தண்டவாளத்தில் நின்று கூப்பிட்டுப் பழகின குரல்.

"உபதேசியாரே, பவுல் அப்போஸ்தலர் இன்னா எழுதிக்கீறாரு? மூப்பன் ஆவறவன் மொதல்ல தன் ஊட்டை நல்லா நடத்தணும்னு எழுதல? இவன் ஊட்டை நடத்துறது யாரு? எஸ்தரு! அவ சம்பாரிக்கிறா, இவன் பானை கழுவிக்கினு கீறான். இவன் வந்து சபையை நடத்தப்போறானா?"

ஆம்பளைகள் பக்கம் சிரிப்பு. தேவசகாயம் விரல் போன கையை மறு கைக்குள் மறைத்துக்கொண்டான்.

"ஒண்ணு செய்யட்டும்," என்றார் மூப்பர், பெரிய மனசு பண்ணி. "எஸ்தர் வேலையை உட்டுட்டு ஊட்டுல குந்தட்டும். இவன் ஊட்டுக்குத் தலையா இருக்கட்டும். அப்பால இவனை மூப்பன் ஆக்கறதுல எனக்கு ஒரு பேஜாரும் இல்ல."

எஸ்தர் எனக்கு முன் பாயில் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை இன்னும் முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

உபதேசியார் சண்டைக்குப் பயந்தவர். எங்க சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானமோ கல்யாணமோ என்றால் மூப்பர்மார் முதலில் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள். ஜெபம் நடக்கிறதா, பிள்ளைகள் ஒழுங்கா என்று. அதையே பிடித்துக்கொண்டார். "மூணு பேரும் ஒரு தபா போய்ப் பாத்துட்டு வாங்களேன். அடுத்த ஞாயித்துக்கெழமை ஐயர் வராரு. அவர் முன்னால சொல்லுங்க."

எனக்கு மண்டைக்குள் ஒரே குடைச்சல்.

எங்க கோயிலில் பெண்கள் பேசக் கூடாது. சந்தேகம் வந்தால் வீட்டுக்குப் போய்ப் புருஷனைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் பவுல் எழுதினதுதான். சரி, என் புருஷன் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சே... நான் யாரைக் கேட்பது? வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களைத்தான். படிப்பு அஞ்சாம் கிளாஸ். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் பேனாவுக்கு வெட்கம் கிடையாது.

என் சந்தேகம் இதுதான். வேதத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்று ஒரு புருஷன் பெண்டாட்டி. கூடாரம் தைக்கிறது தொழில். பவுல் அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவரும் கூட உட்கார்ந்து தைத்தார். மூணு பேரும் ஊசியும் கையுமாக இருந்தால், உலை வைத்தது யார்? அவசர ஆர்டர் வந்த அன்றைக்காவது பவுல் ரெண்டு வெங்காயம் உரித்துக் கொடுத்திருக்க மாட்டாரா? அவரே அவங்களுக்கு வாழ்த்துச் சொல்லி எழுதும்போது பெண்டாட்டி பேரை முதலில் எழுதியிருக்கிறார். கவனித்தீர்களா?

இன்னொரு அம்மா லீதியாள். ராஜாக்கள் உடுத்துகிற உசந்த துணி வியாபாரம். அந்தம்மா கடையில் இருக்கும்போது வீட்டைப் பார்த்துக்கொண்டது யார்?

உபதேசியார் என் வீட்டுப் பக்கம் வந்தபோது மெதுவாகக் கேட்டேன். ஒரு ஆளோடு என்றால் கொஞ்சம் பேச வரும்.

அவர் தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் வேதத்துல எழுதலையே பெரியம்மா."

"எழுதலன்னா நடக்கலையா நைனா? அவங்க சாப்புடாமலா இருந்தாங்க?"

"சோறு ஆக்குறதைப் போயி யாராவது எழுதுவாங்களா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அதுதானே! அதை யார் எழுதினார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எஸ்தர் ரயிலை விட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். எங்க வீடு அவர்களுக்கு எதிர் வீடு.

"பெரியம்மா, வேலையை உட்டுடலாம்னு கீறேன்."

"இன்னாடி பேசற? பர்மனன்ட் ஆவப்போற நேரத்துல?"

"அவருக்கு அந்த எடம் வேணும் பெரியம்மா. வாய் தொறந்து கேக்கல. ஆனா உபதேசியார் பேரைச் சொன்னாரு பாரு, அப்ப அவர் மூஞ்சியைப் பாத்தேன். கை போனதுலேர்ந்து ஒருத்தரும் அவரை 'வாப்பா, இப்படி உக்காரு'ன்னு சொன்னதில்ல. என்னால அது கெட வாணாம்."

"வேலையை உட்டுட்டா சோத்துக்கு?"

"பாத்துக்கலாம்," என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எதிர்வீட்டு வாசலில் தேவசகாயம் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்ததோ என்னவோ, மடித்த சட்டையையே திரும்பத் திரும்ப மடித்தான்.

மறுநாள் மத்தியானம்தான் மூணு வெள்ளை வேட்டியும் வந்தது. எஸ்தர் கம்பெனிக்குப் போயிருந்தாள். வேண்டுமென்றேதான் அந்த நேரம் பார்த்து வந்தார்கள். நான் வாசலில் இருந்தே பார்த்தேன். பார்க்காமல் இருக்க நான் என்ன தேவதூதியா?

"தோத்திரம் மூப்பரே, வாங்க," என்று தேவசகாயம் தோளில் துண்டோடு ஓடி வந்தான்.

சாமுவேல் மூப்பர் உட்காரவில்லை. தண்ணீர்ப் பானை மூடியைத் தூக்கிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பாவம், தூசிகூட இல்லை. பெரிய பெண்ணை நிற்க வைத்து வேதத்தின் பத்துக் கட்டளையைக் கேட்டார். அவள் பத்தையும் கடகடவென்று ஒப்பித்தாள். மூப்பருக்கு ஏமாற்றம்தான்.

அதற்குள் அடுப்பில் குழம்பு கொதித்து வாசனை தெருவுக்கே வந்துவிட்டது. பழவேற்காட்டு மடவை மீன், மாங்காய் போட்டது.

"சாப்பாட்டு நேரம். கை கழுவுங்க," என்றான் தேவசகாயம்.

"நாங்க விசாரணைக்கு வந்துகீறோம்," என்றார் சாமுவேல் மூப்பர். என்றாலும் கை கழுவினார்.

இலையில் சோறு விழுந்ததும் பிசைய ஆரம்பித்தார். சின்னப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டது. "தாத்தா, ஜெபம் பண்ணாம சாப்புடக் கூடாது. அப்பா திட்டும்!"

மூணு மூப்பரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். வேறு என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை ஐயர் வந்தார். ஆராதனை முடிந்தும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. ஐயர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரி, போய் என்ன பார்த்தீங்க? சொல்லுங்க," என்றார்.

சாமுவேல் மூப்பர் எழுந்தார். அன்றைக்குக் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஊடு சுத்தமா கீது. புள்ளைங்க அடக்கம். ஜெபம் நடக்குது."

"வந்தவங்களை உபசரிக்கணும்னும் பவுல் எழுதியிருக்காரே?"

மூப்பர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பக்கத்திலிருந்த இன்னொரு மூப்பர் வாயைத் திறந்தார். "மடவை மீன் கொழம்பு ஐயரே. நம்ம அண்ணன் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்ட்டாரு!"

கோயில் அதிர்ந்தது. ஐயரும் புஸ்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார்.

"அப்போ தேவசகாயம் வீட்டை நல்லாத்தானே நடத்துறார்?"

"நடத்துறான், இல்லன்னு சொல்லல," என்றார் சாமுவேல் மூப்பர். "ஆனா மொறைன்னு ஒண்ணு கீதில்ல ஐயரே? எஸ்தர் வேலையை உட்டு நின்னுடட்டும். எல்லாரும் சேர்ந்து இவனை மூப்பன் ஆக்கிடலாம்."

எஸ்தர் தலை குனிந்தபடியே 'சரி' என்று ஆட்டினாள். நான் பார்த்தேன். அவள் புருஷனும் பார்த்துவிட்டான்.

தேவசகாயம் எழுந்து நின்றான். இந்தத் தடவை கையை மறைக்கவில்லை.

"ஐயரே, ஒண்ணு கேக்கலாமா? ஊட்டை நல்லா நடத்துறவன்தான் மூப்பன் ஆவணும். அதானே?"

"ஆமா."

"எஸ்தர் வேலையை உட்டுட்டு ஊட்டுக்கு வந்துட்டா, ஊட்டை அவ நடத்துவா. நான் சும்மா குந்திக்கினு இருப்பேன். அப்ப நான் எப்படி மூப்பன் ஆவ முடியும்? இப்பத்தான் நடத்துறேன். இப்ப ஆக்குனா ஆக்குங்க. அவ வேலையை உட்டாத்தான் ஆவும்னா, அந்த எடம் எனக்கு வாணாம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

சாமுவேல் மூப்பர் ஐயரைப் பார்த்தார். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்... துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். பார்த்தால், சாமுவேல் மூப்பர் சம்சாரம் மரகதம்!

"ஐயரே, அப்படியே எங்க ஊட்டுக்கும் ஒரு தபா விசாரணைக்கு வாங்க. யார் நடத்துறாங்கன்னு பாத்துட்டுப் போங்க!"

"ஏய், கோயில்ல பொம்பளை பேசக் கூடாது!" என்றார் மூப்பர்.

"சரி, ஊட்டுக்கு வந்து கேக்கறேன். புருஷனை ஊட்டுலதான பவுலு கேக்கச் சொல்லிக்கீறாரு?"

அதற்கு மேல் அங்கே யாராலும் விசாரணை நடத்த முடியவில்லை.

தேவசகாயம் இப்போதே மூப்பராகச் சம்மதமா என்று கேட்டு, ஐயர் கை தூக்கச் சொன்னார். ஆம்பளைகள் பக்கம் ஒவ்வொரு கையாக எழும்பியது. கடைசியாக எழும்பின கை சாமுவேல் மூப்பருடையது. பிறகு அவரே நகர்ந்து இடம் விட்டு, "வாப்பா, இப்படி உக்காரு," என்றார். எஸ்தர் முக்காட்டுக்குள் அழுதாள். திங்கட்கிழமை காலை வழக்கம்போல பாசஞ்சரைப் பிடிக்க ஓடினாள்.

எனக்குக் குடைச்சல் தீர்ந்ததா? அதிகமாகிவிட்டது! சாந்தமாக இருக்கணும், சண்டை பிடிக்கக் கூடாது, வந்தவர்களுக்குச் சோறு போடணும், பிள்ளைகளை ஒழுங்காக வளர்க்கணும் — மூப்பருக்கு பவுல் சொன்ன லட்சணங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எங்க தெருவில் இதெல்லாம் பொருந்துகிற ஆட்களில் முக்கால்வாசிப் பேர் சேலை கட்டியிருக்கிறார்கள். இது பவுலுக்குத் தெரிந்து எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா? நேரில் வந்தால் கேட்க எனக்கு வாய் வராது. எழுதித்தான் கேட்பேன். அவரும் எழுதுகிறவர்தானே, கோபிக்க மாட்டார்.

நேற்றுக் குழாயடியில் மரகதம் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். "அக்கா, எங்க ஊட்டுக்காரரு சமையக்கட்டுக்குள்ள வந்தாரு. வந்து, உப்பு எங்க கீதுன்னு கேட்டாரு."

இத்தனை வருஷமாக வீட்டை நடத்துகிறவர்... அது ஒன்றுதான் தெரியாமல் போச்சு!