போகாத கலியாணம்

ரொறொன்ரோவில், டோர்செட் பார்க்கில் கெனடி ரோட்டுப் பக்கமாக நிற்கும் பதினாலு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில், மிஸ் நோரா மல்லன் என்ற அயர்லாந்துக்காரி இருபத்திமூன்று வருடமாகத் தனியே இருந்தார். அவருக்கு நாலு கதவு தள்ளி இருந்தவள் வேரோனிக்கா. மன்னார் பேசாலைக்காரி. தமக்கை அன்ரனெற்றின் குடும்பத்தோடு இருந்துகொண்டு, வயதானவர்களை அவர்கள் வீட்டிலேயே பராமரிக்கும் வேலைக்குப் போய்வந்தாள். அந்தக் குடும்பத்தில் இங்கிலீசுக்குப் பயப்படாமல் முதலில் வாய் திறந்தவள் அவள்தான். கனடாவுக்கு வந்த ஏழாம் மாதமே, சரியோ பிழையோ, கட்டடக்காரனோடு ஹீற்றருக்காக வாதாடி வென்றாள்.

ஞாயிறு ஒன்பது மணிப் பூசைக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்ததில் இருவருக்கும் பழக்கம். 1996 மாசியில் நோராவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. அன்று முதல் வேலை முடிந்து வந்ததும் வேரோனிக்கா அங்கே போய்விடுவாள். சூப் பருக்கி, முதுகு துடைத்து, செபமாலை சொல்லிவிட்டு வருவாள். நோராவின் ஆங்கிலம் அவள் காதில் விழும்போதே மன்னார்த் தமிழாகிவிடும். வீட்டில் வந்து அப்படித்தான் சொல்வாள்.

அவள் சொன்ன கதை இது. 1952 சித்திரையில் மேயோ என்ற இடத்திலிருந்து நோராவும் பிறைடி என்ற சிநேகிதியும் ஒன்றாகக் கப்பலேறினார்கள். ரொறொன்ரோவில் ஒரே சலவைத் தொழிற்சாலையில் வேலை. மேல்மாடியில் ஓர் அறை. முதல் குளிருக்கு இருவருமாகச் சேர்ந்து வாங்க முடிந்தது ஒரேயொரு தடித்த கோட். ஒருத்திக்குக் காலை வேலை, மற்றவளுக்குப் பின்னேர வேலை என்று கேட்டு வாங்கிச் சமாளித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் கரைச்சல். நோரா ஏழு மணிப் பூசைக்குப் போய், ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவந்து கோட்டைக் கழற்றிக் கொடுக்க, பிறைடி எட்டரை மணிப் பூசைக்குப் போவாள். அந்தக் குளிர் முழுக்க ஒருத்தியும் பூசை தவறவில்லை. இருவரும் ஒன்றாகப் போனதும் இல்லை.

1954 ஆனியில் பிறைடிக்குக் கலியாணம். மாப்பிள்ளை புரொட்டஸ்தாந்துக்காரன், கலியாணமும் அவனுடைய கோயிலில். தோழியாக நிற்க நோரா சட்டைகூடத் தைத்தார். தைத்து முடித்த பிறகுதான் சாமியாரைக் கேட்டார். போகவே கூடாது, பாவம் என்றார் சாமியார். வரமாட்டேன் என்று பிறைடியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நோராவுக்கு வாய் வரவில்லை. கலியாண நேரத்தில் வேறொரு கோயிலில் முழங்காலில் இருந்து செபித்தார். பிறைடி புருசனோடு ஒஷாவாவுக்குப் போய்விட்டாள். நோரா வருடாவருடம் அனுப்பிய நத்தார் வாழ்த்து மடல்கள் எதற்கும் பதில் இல்லை.

நாற்பத்திரண்டு வருடத்தில் நோரா இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதே இல்லை. சாமியார் சொற்படி நடந்தது எப்படிப் பாவமாகும்? பங்குனியில், சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வந்த இளம் சாமியாரிடம்தான் முதல் முறையாகச் சொன்னார். அவர் நல்ல மனிதர். கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சட்டமெல்லாம் எப்போதோ போய்விட்டது, இதில் பாவமும் இல்லை, மன்னிக்க எதுவும் இல்லை என்று ஆறுதல் சொல்லிப் போனார்.

நோரா அன்று சாப்பிடவில்லை.

"பாவம் இல்லையெண்டா நான் ஆரிட்டை மன்னிப்புக் கேக்கிறது?" என்றார் வேரோனிக்காவிடம். "பிறைடியைக் கூட்டிக்கொண்டு வா. அவள் எண்டாலும் இதைப் பிழை எண்டு சொல்லுவாள்."

அன்ரனெற் துள்ளினாள். "உனக்கென்ன விசரே? ஆரோ ரெண்டு கிழவியளின்ரை சண்டைக்கு லீவு போடப்போறியோ?"

"சண்டை இல்லை அக்கா. சண்டையெண்டா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. இந்தா, இடியப்பம் கட்டியிருக்கிறன். ரெயினிலை சாப்பிடு."

செவ்வாய்க்கிழமை வேரோனிக்கா கோ ட்ரெயின் என்ற புறநகர் ரெயின் எடுத்து ஒஷாவாவுக்குப் போனாள். பிறைடி நிமிர்ந்த நடைக்காரி. புருசன் செத்து ஒரு வருடம். வந்தவள் நோராவின் வருத்தத்தைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டே கேட்டார்.

"எவ்வளவு நாள் சொன்னவங்கள்?"

"ரெண்டு கிழமை எண்டு டொக்டர் சொன்னவர்."

"கலியாணத்தண்டு நாப்பது நிமிசம் கோயில் வாசல்லை நிண்டனான் பிள்ளை. மழை வேறை. என்ரை பக்கத்து ஆளெண்டு வர இருந்தது அவள் ஒருத்திதான். கடைசியிலை ஆரோ ஒரு பெட்டையைப் பிடிச்சு என்னோடை நிப்பாட்டினவங்கள். அவளின்ரை பேர்கூட எனக்குத் தெரியாது."

"அவ ஒவ்வொரு நாளும் அழுகிறா."

"மன்னிச்சிட்டன் எண்டு சொல்லு. கனகாலம். மன்னிக்கச் சொல்லி யேசு சொல்லியிருக்கிறார், மன்னிச்சாச்சு. போய்ப் பார் எண்டு சட்டம் இல்லை."

"இருக்கு," என்றாள் வேரோனிக்கா. "நோயாளியைப் போய்ப் பாக்கச் சொல்லியும் அவர்தான் சொன்னவர்."

பிறைடி சிரித்தார். "கெட்டிக்காரிதான். சரி, நானும் ஆராவது ஒரு சாமியாரைக் கேட்டுப் பாக்கிறன். அவர் போ எண்டா வாறன்."

பிஸ்கட்டை ஒரு பையில் போட்டுக் கையில் தந்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"பிறைடிக்கு முழங்கால் வருத்தம், அதாலை வரேலாதாம் எண்டு சொல்லிவிடு," என்றாள் அன்ரனெற், அவள் வீடு திரும்பியதும். "சாகப்போற மனுசி. உது பொய்யிலை சேராது."

வேரோனிக்கா அப்படிச் சொல்லவில்லை. கட்டிலோடு கதிரையை இழுத்துப் போட்டு, மழையையும் நாற்பது நிமிடத்தையும் பெயர் தெரியாத பெட்டையையும், கடைசியாகச் சாமியாரைக் கேட்கிற கதையையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். நோரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அவள் சரியாத்தான் சொல்லியிருக்கிறாள்," என்றார். பிறகு கண்ணைத் திறந்தார். "நீயெண்டா அந்தக் கலியாணத்துக்குப் போயிருப்பியா?"

போயிருப்பேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் பேசாலையில் சாமியார் ஒரு சொல் சொன்னால் ஊரே அடங்கிப்போனது அவளுக்கு நினைவிருந்தது. அந்த ஊரில் தானும் ஒருத்தி என்பதும்.

"இல்லை," என்றாள். "நானும் போயிருக்கமாட்டன்."

நோரா தலையை ஆட்டினார். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததாக வேரோனிக்கா ஒருநாளும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவர் பிறைடியின் பெயரை எடுக்கவில்லை. சூப்பைக் கொடுத்தால் வாயைத் திறப்பார், அவ்வளவுதான்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் மத்தியானம் நோரா போய்விட்டார். ஒஷாவாவுக்கு வேரோனிக்காதான் போன் எடுத்தாள். அடக்கம் திங்கட்கிழமை, பூசை பத்து மணிக்கு என்று இரண்டு முறை சொன்னாள்.



"செபிக்கிறன்," என்று மட்டும் சொல்லிப் பிறைடி போனை வைத்தார்.