மேசை டிராயரில் ஒரு பழைய பின் வயர்

சனிக்கிழமை மதியம் மணி மூன்று பத்து. என் போன் அடிக்கவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. போன் அடிக்காததெல்லாம் ஒரு சம்பவமா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் சம்பவம்தான். இதை எழுதும் இன்று செவ்வாய்க்கிழமை. இன்னும் பக்கத்து வீட்டு போன் அடித்தால்கூட நான் எழுந்து ஓடுகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகள் நஸ்ரின் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். முதல் வேலை. ஹாஸ்டல் வாசம். போன புதிதில் நான் அவளைக் கூப்பிட்ட தடவைகளுக்குக் கணக்கில்லை. சாப்டியா? லேபுக்குப் போயிட்டியா? திரும்பி வந்துட்டியா? திரும்பவும் சாப்டியா?

ஒரு நாள் அவள் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன் — அவள் கணக்கில் அது இருபது நிமிடம் — நேராக ஆஸ்பத்திரி ரிசப்ஷனுக்கே அடித்துவிட்டேன். அவர்கள் மைக்கில் அறிவித்திருக்கிறார்கள். 'லேப் நஸ்ரின், உங்க அம்மா லைன்ல இருக்காங்க.' ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து பதினோராவது நாள்.

அன்று சாயங்காலம் கூப்பிட்டாள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாகப் பேசினாள்.

"அம்மா, இனிமே நீ கூப்பிடாத. நானே தினம் ஒரு மிஸ்டு கால் குடுக்குறேன். ரெண்டு ரிங். வந்துச்சுன்னா நல்லா இருக்கேன்னு அர்த்தம். எடுக்காத."

மிஸ்டு கால் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. எவ்வளவு பேசினாலும் தனியாகக் காசு இல்லை என்று ஆகி எத்தனையோ வருடமாயிற்று. எங்கள் வீடு மட்டும் இன்னும் ரிங்கில்தான் ஓடுகிறது. என் கணவர் கடையைச் சாத்திவிட்டு ஒரு ரிங் விட்டால், தோசைக்கல்லைப் போடு என்று அர்த்தம். ஆசிரியையான நான் பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஏறினால் இரண்டு ரிங். வேடிக்கையாக ஆரம்பித்த பழக்கம். அதையே மகள் எனக்குச் சட்டமாக்கிவிட்டாள்.

நான்கு மாதம். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு ரிங். திரையில் அவள் பெயர் வரும். மினுக்கும். போய்விடும். எடுத்துவிடலாமா என்று கட்டைவிரல் துடிக்கும். எடுக்கமாட்டேன். ஏழெட்டு வினாடி... அவ்வளவுதான் என் மகள்.

இந்த நேரத்தில்தான் செய்தித்தாளில் அந்த விஷயத்தைப் படித்தேன். எல்லா ஸ்மார்ட்போனுக்கும் இனி ஒரே மாதிரி சார்ஜர் பின். ஐரோப்பாவில் சட்டமே போட்டுவிட்டார்கள். நம் அரசும் அந்தப் பக்கம்தான் நகர்கிறது. டைப் சி என்கிறார்களே, நீள்வட்டமாக, எப்படித் திருப்பிச் செருகினாலும் உள்ளே போகுமே, அது. யார் வயரும் யார் போனுக்கும் பொருந்தும். குப்பை குறையும், அலைச்சல் குறையும். நல்ல விஷயம்தானே? நல்ல விஷயம் என்று பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திக்காக நாலு வரி குறித்தும் வைத்தேன்.

அந்த வாரமே நஸ்ரினிடமிருந்து மூன்றாவது ரிங் வந்தது. மூன்றாவது ரிங் என்றால் எடுக்கலாம்! எடுத்தேன்.

"அம்மா, என் சார்ஜர் வயர் அத்துப்போச்சு. ஹாஸ்டல்ல எல்லார்ட்டயும் புதுப் பின்னுதான். வார்டன் அக்காட்ட மட்டும் பழசு ஒண்ணு இருக்கு. தினம் போயிக் கேக்க ஒரு மாதிரியா இருக்கு. நம்ம மேசை டிராயருல என்னோடது ஒண்ணு கிடக்கும் பாரு. கூரியர்ல போட்டு விடுறியா?"

அவள் கல்லூரியில் சேர்ந்தபோது அவள் அத்தா, அதாவது என் கணவர், வாங்கிக் கொடுத்த போன் அது. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல் என்று பழைய பின். மாற்றச் சொன்னால் கேட்கமாட்டாள். வயர் டிராயரிலேயே இருந்தது. அப்போதே கையில் எடுத்துவிட்டேன். கூரியர் ஆபீஸ் எங்கள் தெருமுனையில்தான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கூரியர்ல போனா தொலைஞ்சு கிலைஞ்சு போயிரும்டி. இங்கேயே பத்திரமா இருக்கு. நீ வந்து எடுத்துக்க."

டியூட்டி சார்ட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, சனிக்கிழமை வாரேன்" என்றாள்.

கோயம்புத்தூரில் கிடைக்காதா என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவேண்டும்? கேட்டு, அவள் கிடைக்கும் என்று சொல்லிவிட்டால்? நான்கு மாதத்தில் என் மகள் வீட்டுக்கு வர ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அது ஒரு முழம் கறுப்பு வயர். எல்லாப் போனுக்கும் ஒரே பின் என்பது நாட்டுக்கு நல்லதுதான். எங்கள் வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக வரட்டுமே என்று மனதார ஆசைப்பட்டேன். வயரைச் சுருட்டி, கைக்குட்டையில் முடிந்து வைத்தேன்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு இரண்டு ரிங். பஸ் ஏறிவிட்டாள். அடுத்தது பழனியில், அதற்கடுத்தது ஒட்டன்சத்திரத்தில் என்று பேச்சு. பழனிக்கு மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடும்.

மூன்று பத்து. அடிக்கவில்லை.

மூன்று இருபத்தைந்துக்கு அடித்தது. பாய்ந்தேன். தெரியாத நம்பர். நான் பெயரைத் தேடுவதற்குள் நின்றுவிட்டது. தெரியாத நம்பரிலிருந்து அடித்து அடித்துக் கட் பண்ணுவார்கள், திருப்பிக் கூப்பிட்டால் பேங்கில் இருப்பதைச் சுருட்டிவிடுவார்கள் என்று எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குரூப்பில் வாரத்துக்கு இரண்டு எச்சரிக்கை வரும். என்னிடமா? உடனே பிளாக் செய்தேன். புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்த திருப்தி வேறு.

நான்கு மணிக்குச் சட்டத்தை மீறினேன். அவளைக் கூப்பிட்டேன். சுவிட்ச்டு ஆஃப். மறுபடியும். சுவிட்ச்டு ஆஃப்.

கடைக்கு அடித்தேன். என் கணவருக்குச் செருப்பு, பெல்ட் வியாபாரம். நிதானமான மனுஷன்.

"என்னங்க, நஸ்ரின் போன் போகலங்க..."

"ஏம்மா, செத்த நேரம் சும்மா இருக்க மாட்ட? சார்ஜ் தீந்துருக்கும்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது அப்படியே நெஞ்சில் இறங்கியது. சார்ஜ் ஏன் தீர்ந்தது? வயர் எங்கே இருக்கிறது? யார் வீட்டு டிராயரில், யார் கைக்குட்டையில்? கூரியரில் போட்டிருந்தால் புதன்கிழமையே போயிருக்குமே!

வயரைக் கைக்குட்டையோடு ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

நேரக் காப்பாளர் ஜன்னலில் போய்ச் சொன்னேன். கோயம்புத்தூர் பஸ், பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியது, இன்னும் வரவில்லை.

"எந்த டெப்போ வண்டிம்மா?"

தெரியாது.

"என்ன கலரு?"

தெரியாது.

"கோயமுத்தூருலருந்து ஒரு நாளைக்கு எம்புட்டு வண்டி வருது, போகுது. எதுன்னு நான் கண்டேன்? வரும், போயி உக்காரும்மா."

உட்கார முடியவில்லை. நாலே முக்கால். ஐந்து. வந்து நின்ற ஒவ்வொரு பஸ்ஸின் படிக்கட்டையும் பார்த்தேன். மல்லிகைப்பூக் கூடை இறங்கியது, முருங்கைக்காய்க் கட்டு இறங்கியது, யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ இறங்கினார்கள். ஒரு மனுஷி இவ்வளவு படிக்கட்டுகளை வாழ்நாளில் பார்த்திருக்கமாட்டாள்.

என் பக்கத்தில் தூணோரம் ஒருவர் அட்டையில் சார்ஜர் வயர்களைத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதைக் கண்டு, போனில் சார்ஜ் இல்லையாக்கும் என்று நினைத்துவிட்டார்.

"என்ன பின்னு வேணும்க்கா?"

"பழைய பின்னு" என்றேன். ஏன் சொன்னேனோ.

"இந்தா, அம்புட்டும் அதான் தொங்குது. கேக்க நாதியில்ல. கவர்மெண்டு ஒரே பின்னுன்னு சொன்னாலும் சொல்லுச்சு, அவனவன் புதுசத்தான் கேக்குறான். எல்லாத்துக்கும் ஒரே வயருன்னா வீட்டுக்கு ஒண்ணு போதும். அப்புறம் நான் என்னத்த விக்க?"

ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை. நான் தலையாட்டிவிட்டு மறுபடி படிக்கட்டைப் பார்த்தேன்.

ஐந்தரைக்கு என் கணவர் வந்து சேர்ந்தார். வழக்கம்போல நிதானமாக நடந்து வந்தார். "இப்ப என்ன ஆயிப்போச்சு? வருவா. வழியில வண்டி நிக்குமோ என்னமோ" என்றார். குரலிலும் பதற்றமில்லை. எரிச்சலோடு குனிந்தேன். பார்த்தால்... வலது காலில் கறுப்புச் செருப்பு, இடது காலில் பிரவுன். முப்பது வருடமாக ஊருக்கே ஜோடி பார்த்துச் செருப்புக் கொடுக்கிற மனுஷன்!

 அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

ஆறு பத்து. ஒரு பஸ் திணறிக்கொண்டு உள்ளே வந்தது. ஏற்கெனவே ஆள் நிறைந்த வண்டியில் இன்னொரு வண்டிக் கூட்டத்தையும் ஏற்றியதுபோல அவ்வளவு நெரிசல். படிக்கட்டில் முதலில் ஒரு பை இறங்கியது. பிறகு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. அவர் பின்னால், துப்பட்டா கசங்கி, முகம் வாடி, நஸ்ரின்.

படிக்கட்டருகே ஓடினேன். அந்த அம்மாதான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க, நீங்கதான் இந்தப் புள்ளையோட அம்மாவுங்களா? நல்லா இருக்குதுங்க! ஒட்டன்சத்திரம் தாண்டி வண்டி நின்னுபோச்சு. வேற வண்டி வர ஒன்றரை மணி நேரம். புள்ள போனுல சார்ஜ் இல்லீங்க. பஸ்ஸுல அத்தன பேருகிட்டக் கேட்டும் அந்தப் பின்னு ஒருத்தர்கிட்டயும் இல்ல. என் போனக் குடுத்தா, பழனியில ரெண்டு ரிங் உட்டுட்டுக் கட் பண்ணிப்போட்டுது! பேசு கண்ணுன்னா, 'இல்லீங்க, அம்மாவுக்கு இது போதும்'ங்குது. அப்புறம் வண்டி நின்னதும் நானே கூப்பிடறேன், எப்பக் கூப்பிட்டாலும் பிஸின்னே வருது. யாருகிட்டங்க அத்தன நேரம் பேசிட்டிருந்தீங்க?"

இரண்டு ரிங்!

அடுத்தவர் போனை வாங்கி அதிலும் மிஸ்டு கால் விடுகிற பெண் உலகத்தில் இருப்பாளா? எங்கள் வீட்டில் இருக்கிறாள். நான் வளர்த்தது. மூன்று இருபத்தைந்துக்கு என் மகள் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லியிருக்கிறாள்... நான் அவளை பிளாக் செய்திருக்கிறேன்.

"அத்தா நம்பருக்காவது அடிச்சிருக்கலாமேடி" என்றேன். அதுதான் நான் பேசிய முதல் வார்த்தை.

"எனக்கு உன் நம்பர் மட்டுந்தாம்மா மனப்பாடம். ஸ்கூல் டைரியில தினம் எழுதுனது."

பிளாக் செய்த கதையைச் சொல்லி, அந்த அம்மாவுக்கு ஆயிரம் தடவை நன்றி சொன்னோம். "இருக்கட்டுங்க, மொதல்ல என் நம்பர பிளாக்குலருந்து எடுத்து உடுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார்.

நாங்கள் மூவரும் தூணோரம் நின்றோம். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும். கை என்னடாவென்றால் தானாக ஹேண்ட்பேக்குக்குள் போயிற்று. கைக்குட்டையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, வயரை நீட்டினேன். மன்னிப்புக் கேட்கிறவள் மாதிரி.

"அன்னைக்கே போட்டு விட்டிருக்கணும்டி. வேணும்னுதான் அனுப்பல."

அவள் வயரைப் பார்த்தாள். அத்தாவின் காலைப் பார்த்தாள். பின்னால் அட்டை நிறையத் தொங்கிக்கொண்டிருந்த வயர்களைப் பார்த்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"கோயம்புத்தூர் காந்திபுரத்துல இது கடைக்குக் கடை தொங்குதும்மா. வயருக்காகவா வந்தேன்னு நெனச்ச?"