இரண்டு வார்த்தை மேடம்

பென்சிலின் மழுங்கிய முனையால் வரைபடத்தில் ஒரு தட்டு. "இந்தச் சுவர் என்ன வேலை செய்யுது? ரெண்டே வார்த்தைல சொல்லுங்க."

எதிரே இருக்கும் கட்டட வடிவமைப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நுழைவாயில், கம்பீரம், வரவேற்கும் உணர்வு என்று நீட்டி முழக்குவார். மேடம் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே இருப்பார். "பதினேழு வார்த்தை ஆச்சு சார். சுவர் இன்னும் வேலைக்கே போகல."

கட்டுமானச் செலவைக் குறைத்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். சித்தாள் முதல் ஒப்பந்தக்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'ரெண்டு வார்த்தை மேடம்'. சிமெண்டைக் குறைத்து, கம்பியை இளைக்கவைத்துக் காசு மிச்சம் பிடிப்பவர் என்று யாராவது நினைத்துவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "தரத்தைக் குறைக்க நான் எதுக்குங்க? அதுக்கா ஆளுக்குப் பஞ்சம்?" அவர் வழி வேறு. கட்டடத்தில் உள்ள ஒவ்வொன்றும் தன் வேலையை இரண்டு வார்த்தையில் சொல்லியாக வேண்டும். எடை தாங்கும். மழை தடுக்கும். வெளிச்சம் விடும். சொன்னால், அதே வேலையை இன்னும் குறைந்த செலவில் செய்ய முடியுமா என்று பார்ப்பார். சொல்ல முடியாதது போய்விடும்.

வயது ஐம்பத்திரண்டு. கொண்டையின் மேல் தலைக்கவசம் சரியாக உட்காராது. எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலைக் கம்பி கட்டும் ஆள் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கொடுத்து நாலு வருடமாகிறது. மாற்றச் சொன்னால், "பார்வை தருதுல்ல?" என்பார். வீட்டிலும் இதே கூத்துதான். கல்லூரியில் படிக்கும் மகள் ஒருநாள், "அம்மா, நான் என்ன வேலை செய்யுறேன்?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "உயிர் வாங்கும்" என்று பதில் வந்தது. அடுத்து தன் முறை வந்துவிடும் என்று பயந்து கணவர் சாப்பிட்ட தட்டோடு எழுந்து போய்விட்டார்.

அந்தக் கணவரால்தான் மேடத்துக்கு ஒரு பாடம் கிடைத்தது. பல வருடம் முன்பு ஓர் ஆஸ்பத்திரி வரைபடத்தில், அறுவை அறைக்கு வெளியே ஜன்னலை ஒட்டி நீளமாக ஒரு கல் திட்டு இருந்தது. அது என்ன செய்யும் என்று கேட்டார். மேசையைச் சுற்றி இருந்த பொறியாளர்கள் முழித்தார்கள். ஒரே கோடு, திட்டு போனது. மூன்று வருடம் கழித்து அதே அறைக்குள் கணவரை வயிற்று அறுவைக்குக் கொண்டுபோனார்கள். வெளியே மேடம் ஆறு மணி நேரம் நின்றார். உட்கார இடமில்லை. கால் வீங்கிப்போனது. "நானே வெட்டினேன், நானே நின்னேன்" என்று இன்றைக்கும் சொல்லும்போது முகம் சுருங்கிவிடும். அதற்குப் பிறகு அவர் கூட்டம் போட்டால் பொறியாளர்கள் மட்டும் வந்தால் போதாது. அந்த இடத்தில் புழங்கப்போகிறவர் ஒருவரும் வர வேண்டும்.

போன வருடம் ஒரு சிறிய ஆஸ்பத்திரி வேலைக்கு அப்படித்தான் தலைமைச் செவிலி வந்து உட்கார்ந்தார். மதிப்பீடு ஐந்தில் ஒரு பங்கு எகிறிவிட்டது. மாலை நாலு மணிக்குள் வழி சொல்லாவிட்டால் மேல்தளம் ரத்து என்று கட்டடக் குழுத் தலைவர் முடிவாகச் சொல்லிவிட்டார். மேல்தளம் குழந்தைகள் வார்டு. அதை விட்டால், காய்ச்சலில் துவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். அந்த வார்டுக்காகச் செவிலி பன்னிரண்டு வருடமாக மனுப் போட்டு வந்தவர்.

மதியத்துக்குள் முகப்புக் கற்கள் போயின, அலங்கார வளைவு போனது. பாதி தூரம்கூட வரவில்லை. மூன்றரை மணி ஆனபோது செவிலியே வாய் திறந்தார்.

"வார்டுக்கு வெளிய ஜன்னலோரமா ஒரு திட்டு இருக்குல்ல, அதை எடுத்துடுங்க மேடம். வார்டு இருந்தா போதும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அது என்ன செய்யும் சிஸ்டர்?"

செவிலி குனிந்துகொண்டார். "அம்மா உக்காருவாங்க."

மேடம் அதன் மேல் அழுத்தமாக ஒரு சரிக்குறி போட்டார். வெட்ட வேறெதுவும் மிச்சமில்லை. நாலு மணிக்கு வார்டே போனால் இந்தத் திட்டு எங்கே நிற்கும்? பென்சில் வரைபடத்தின் கடைசித் தாளுக்கு, தரைக்குக் கீழே இருக்கும் தளத்துக்கு, இறங்கியது.

"இது?"

"வண்டி நிறுத்தும்" என்றார் வடிவமைப்பாளர். காலையிலிருந்து பட்டதில் அவரும் தேறியிருந்தார்.

"வண்டி நிக்கக் குழி எதுக்கு சார்? பின்னாடிதான் காலி இடம் கிடக்கே."

ஒப்பந்தக்காரர் நெளிந்தார். "எட்டடிக்குக் கீழ ஒரே பாறை மேடம். உடைக்கவே மூணு மாசம் ஆகும். எகிறின செலவுல பெரும்பங்கு அங்கதான் போகுது."

"ஐயா, இதைக் காலைலயே சொல்லியிருக்கலாம்ல?"

"யாரும் கேக்கலையே."

அவரைத் திட்ட மேடத்துக்கு நேரமில்லை. குழி போனது. தண்ணீர்த் தொட்டியும் ஜெனரேட்டரும் தரைக்கு ஏறின. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கூட்டிப் பார்த்தார்கள்; கணக்குக்குள் அடங்கியது. தலைவர் தொலைபேசியில், "அப்ப வார்டு இருக்கட்டும்" என்றதும் செவிலி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மேடத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. காலையிலிருந்து ஆறிக் கிடந்த தேநீரை அப்படியே மடமடவென்று குடித்தார்.

இந்த மாதம் அந்தத் திட்டுக்குக் கல் பதித்தார்கள். தலைக்கவசம் சாய மாடியேறிய மேடம் அதைத் தடவிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த செவிலி, "எப்படி மேடம் இருக்கு?" என்று கேட்டார்.

மேடம் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டார்.