ஆயுத பூஜைக்கு அணைத்த பெட்டி

பெட்டியின் விசிறிச் சத்தம் நின்ற அந்த நொடி இன்னும் காதில் இருக்கிறது. நின்றுபோன சத்தம் எப்படிக் காதில் இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையை ஒட்டிய ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஆயுத பூஜை மாலை. கடை முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் குனிந்து, மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பெட்டியை அணைத்தார்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பயம் கூடவே பிறந்தது. பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். ஆனால் அந்தப் பெட்டி விஷயத்தில் என் பயத்துக்குக் காரணம் இருந்தது. கடையிலிருந்த அத்தனை கம்ப்யூட்டருக்கும் இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுத்தது அதுதான். உள்ளே இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்றில் வெளியிலிருந்து வரும் லைன், மற்றதில் கடைக்குள் போகும் லைன். பெட்டி எழும்போது எந்தக் கார்டு முதலில் கண் விழிக்கிறதோ அதற்கு ‘ஈத் ஜீரோ’ என்று பேர் வைக்கும், அடுத்ததற்கு ‘ஈத் ஒன்’. வெளி லைன் ஈத் ஜீரோவில்தான் இருக்கும் என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தோம். வரிசை மாறி எழுந்துவிட்டால் உள்ளே போக வேண்டியதை வெளியே தேடிக்கொண்டு நிற்கும், கடையே ஊமையாகிவிடும். கரண்ட் போய் வந்தபோது ஓரிரு முறை அப்படி ஆகியிருந்தது. அணைக்காமலே வைத்திருப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்தேன். லேத் பட்டறையில் இருந்து வந்தவர் அவர். ஆயுத பூஜைக்கு ஓய்வு பெறாத மிஷின் என்று ஒன்று அவர் உலகத்தில் கிடையாது. “வருசம் பூரா நமக்காக ஒழைக்கிது. ஒரு நாள் படுக்கட்டும்டா,” என்றார். மூடியைக் கழற்றித் தூசி தட்டினார். கரண்ட் போனால் பெட்டியைத் தாங்கும் யுபிஎஸ்ஸின் பாட்டரி வயர்களைக்கூடப் பிரித்துத் துடைத்தார். கார்டு இரண்டுக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார்.

மறுநாள் விஜயதசமி. காலை பத்து மணிக்கு ஒரு நர்ஸ் அக்கா கேமரா வைத்த கேபினைச் சொல்லி வைத்திருந்தார். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் கேமராவில் நேர்காணல் செய்யப் போகிறார்கள். ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போனது. இது தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். படப்பையிலிருந்து அம்மாவுடன் முன்கூட்டியே வந்துவிட்டார். இஸ்திரி மடிப்பு கலையாத புடவை, மடியில் சர்டிபிகேட்.

பெட்டியைப் போட்டேன். கடை ஊமை.

இதை அமைத்துக் கொடுத்த சர்வீஸ் தம்பி சிங்கப்பெருமாள் கோவில் ஊரில், தன் வீட்டில் இருந்தார். பேர் இடம் மாறியிருக்கும், பின்னால் இருக்கும் வயர்களை மாற்றிச் சொருகிப் பாருங்கள் என்று போனில் சொன்னார். மாற்றினேன், வந்தது. அக்கா கேபினில் போய் உட்காரவும், விளக்கு ஒரு சிமிட்டுச் சிமிட்டவும் சரியாக இருந்தது. பூஜைக்குப் பிரித்த பாட்டரி வயர் சரியாக முடுக்கப்படவில்லை. பெட்டி அணைந்து தானே எழுந்தது. இந்த முறை கார்டுகள் பழைய வரிசையில் விழித்துக்கொண்டன. வயர்கள் மாறியிருந்ததால் மறுபடி ஊமை.

வயரைத் திருப்பி மாற்றலாம். அடுத்த சிமிட்டலில் எப்படி எழும்? அதற்குள் அக்காவின் அம்மா எழுந்து வந்துவிட்டார். “படிக்காத ஆளுங்கள ஒக்கார வெச்சிருந்தா இப்டித்தான் ஆகும்.” என் முகத்தைப் பார்த்தேதான் சொன்னார். தப்பு என்னுடையதாக இல்லாதபோதும் தலை குனிந்து பழகியவன் நான். குனிந்துகொண்டேன்.

அண்ணன் பாட்டரி வயரை முடுக்கிக்கொண்டிருந்தார். ஸ்பேனரைக் கீழே வைத்தார். “அவன ஒன்னியும் சொல்லாதம்மா. நான்தான் நிறுத்துனேன். வேணாம் வேணாம்னு அவன் காலைப் புடிக்காத கொறயா சொன்னான். என்னியத் திட்டு.”

போனில் தம்பி காத்திருந்தார். ஒரு வழி இருக்கிறது என்றார். ஒவ்வொரு கார்டுக்கும் அதற்கென்றே ஒரு நம்பர் உண்டு. மேலே ஒட்டிய சீட்டில் அச்சடித்திருக்கும். இந்த நம்பருக்கு இந்தப் பேர் என்று எழுதிவிட்டால், எது முதலில் விழித்தாலும் பேர் மாறாது. தம்பி சொன்னதை நான் திருப்பிச் சொன்னதும், நர்ஸ் அக்காதான் முதலில் புரிந்துகொண்டார்.

“வார்டுல நாங்க கட்டில் வரிசையப் பாத்து மருந்து குடுக்க மாட்டோம். கையில கட்டியிருக்கிற டேகைப் பாத்துத்தான்,” என்றார்.

நான் மூடியைக் கழற்ற, அக்கா புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். சீட்டின் மேலேயே அண்ணனின் சந்தனம் காய்ந்திருந்தது. அண்ணன் புது வேட்டி முனையால் துடைத்துவிட்டு டார்ச்சைப் பிடித்தார். அக்கா ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். தம்பி சொன்ன இடத்தில் நான் தட்டினேன். தட்டியதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தார், ஊசி மருந்தின் பேரைச் சரிபார்ப்பது போல. வெளி லைன் கார்டு ஈத் ஜீரோ, மற்றது ஈத் ஒன். அணைத்துப் போட்டேன். கேபினில் படம் வந்தபோது பத்து தாண்டியிருந்தது. அந்தப் பக்கம் அவர்களும் தாமதமாகத்தான் வந்தார்கள்.

வேலை கிடைத்ததைச் சொல்ல அக்காவின் அம்மா மட்டும் ஒரு நாள் வந்தார். அண்ணனிடம்தான் சொன்னார். என் மேசையில் ஸ்வீட் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

கடை இப்போது இல்லை. அண்ணன் வண்டலூர்ப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். நான் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இன்றைய பெட்டிகள் தாங்களே அணைந்து தாங்களே எழுகின்றன; பேர் மாறுமோ என்று யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. நான் நிற்கிறேன். பழக்கம். அப்போதெல்லாம் அந்த விஜயதசமி மத்தியானம் நினைவுக்கு வரும்.

நர்ஸ் அக்கா போனபின் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “இப்ப நீ நிறுத்திப் போடு,” என்றார்.

“ஓடிக்கினுதானண்ணா கீது, எதுக்குத் தொடணும்?”

“பாக்காம பயப்படறதுக்குப் பாத்துட்டுப் பயப்படு.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அணைத்தேன். விசிறி நின்றது. அந்த அமைதியில் என் மூச்சு எனக்கே கேட்டது. போட்டேன்; திரையில் எழுத்துகள் ஓடின. ஈத் ஜீரோவில் வெளி லைன், ஈத் ஒன்னில் கடை. அண்ணன் போதும் என்பதுபோல் தலையாட்டிவிட்டு டீ சொல்லப் போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்திருந்துவிட்டு, யாரும் சொல்லாமல், நானே இன்னொரு தடவை அணைத்தேன்.