காற்று போகாத பிரேக்

பிள்ளைகளா, வண்டியை எடுப்பதற்கு முன்னால் நான் பிரேக்கை மூன்று நான்கு முறை மிதித்துப் பார்ப்பதைக் கண்டு நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். “புது வண்டிதானே நைனா!” என்கிறீர்கள். புது வண்டிதான். ஆனால் என் காலுக்கு அது தெரியாது. பிரேக் என்ற ஒரு சாமானால் நம் வீடு பட்ட பாட்டை எழுதி வைத்துவிட்டால் நீங்களும் சிரிப்பதை விடுவீர்கள், எனக்கும் பதில் சொல்லும் வேலை மிச்சம்.

அப்போது நாங்கள் ஆந்திராவில் புத்தூர் பக்கத்தில் இருந்தோம். என் நைனா, அதாவது உங்கள் தாத்தா, வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ரோட்டில் புதிது புதிதாகக் கார்கள் இறங்கிய காலம் அது. அவற்றைப் பார்த்த கண்ணோடு நைனாவின் உருண்டை முகத்துப் பழைய காரில் ஏற யாருக்கும் மனசு வரவில்லை. நைனா சும்மா இருந்திருக்கலாம். கூரையை அறுத்து எடுத்தார். கல்யாண ஊர்வலத்துக்கான திறந்த கார் ஆக்கி, சந்தன நிறம் அடித்தார். அதோடாவது விட்டாரா? முன்சக்கரங்களில் இருந்த டிரம் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடிபட்டுக் கிடந்த ஒரு புதுக்காரின் டிஸ்க் பிரேக்கை வாங்கி வந்து மாட்டினார். அன்றிலிருந்து அந்தக் கார் நிற்பதை மறந்துவிட்டது.

மிதித்தால் பெடல் பாறை மாதிரி இருக்கும். கார் தன் பாட்டுக்குப் போகும். புதுக்கார்களில் காலுக்குத் துணையாக பூஸ்டர் என்று ஒன்று உண்டு. இதில் அது கிடையாது, எல்லாம் கால் பலம்தான். மிதித்து மிதித்து நைனாவின் வலது முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

அந்தக் கார் நின்றால்தான் எங்கள் வீட்டில் அடுத்த காரியம் நடக்கும் என்ற நிலைமை. நைனாவுக்குக் குவைத்தில் டிரைவர் வேலை கிடைத்து விசாவும் வந்துவிட்டது. காரை விற்றால்தான் புறப்பட முடியும். வாங்குவதற்கு ஒரே ஒருவர்தான் இருந்தார், திருச்சானூரில் லாட்ஜ் வைத்திருந்தவர். சாயங்காலம் வந்து பார்ப்பேன், நின்றால் எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கோ ஒரே அவசரம். குவைத்திலிருந்து வருகிறவர்கள் பொத்தானை அமுக்கினால் ஓடுகிற பொம்மைக் கார் கொண்டுவருவார்கள் என்று எங்கள் மூன்றாம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் வருவதாகச் சொன்ன நாள் காலை நானும் அம்மாவும் நைனாவுக்குச் சோறு கட்டிக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். ஒரு ஆள் அம்மாவின் காலை மிதித்துக்கொண்டே நின்றான். அம்மா விடவில்லை. “ஏமப்பா, காலு தொக்குதா உண்டாவே, கண்ட்லு கனபடவா?” காலை மிதிக்கிறாயே, கண் தெரியாதா என்று தெலுங்கில் போட்ட போட்டில், அவன் ரேணிகுண்டா வரை ஒற்றைக் காலில் வந்தான்.

கார் இருந்தது திருச்சானூர் ரோட்டில் ஒரு தெலுங்கு மேஸ்திரியின் ஷெட்டில். அவர் ஏற்கெனவே பிரேக் பேடுகளை உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்திருந்தார், டிஸ்கின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்த்திருந்தார். கடைசியில்தான் கோளாறு பிடிபட்டதாம். பெடலுக்குப் பின்னால் இருந்து பிரேக் எண்ணெயைத் தள்ளும் சிலிண்டர் அந்தக் காருக்குப் பழையது, தடிமன் அதிகம். தடித்த சிலிண்டரைத் தள்ளக் கால் பலம் போதாது. அதை எடுத்துவிட்டு மெல்லிய சிலிண்டர் போட்டாயிற்று. இனிக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றினால் வேலை முடிந்தது.

காற்று எடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அடியில் இருப்பவர் சக்கரத்துப் பக்கம் உள்ள திருகைத் திறந்து, காற்றை விட்டு, மூட வேண்டும். மூடின பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்துவிட்டால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். ஷெட்டுப் பையன் அன்று வரவில்லை. நைனாவின் முழங்கால் ஆகாது. சீட்டில் உட்கார்ந்தால் என் கால் பெடலுக்கு எட்டவில்லை. ஆகவே அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நைனா முன்னால் நின்று எண்ணெய் ஊற்றினார். திருகில் மாட்டிய குழாயின் மறுமுனையை நான் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டேன்.

“தொக்கு!” என்று அடியிலிருந்து மேஸ்திரி கத்துவார். எண்ணெய் குழாயில் ஒரு சாண் முன்னே வரும். உடனே சர்ரென்று பின்னால் ஓடிவிடும், குமிழி குமிழியாக.

“காலி வஸ்தானே உந்தி!” காற்று வந்துகொண்டே இருக்கிறதே என்று மேஸ்திரி புலம்புவார்.

“இன்னாமே, காலைல ஒண்ணும் துன்னலையா? நல்லா அமுக்கு!” என்பார் நைனா.

“அமுக்கிக்கினுதான்யா கீறேன். உன் காருக்கு இன்னா நோவோ, யார் கண்டா.”

“எம்மா, கெட்டியா அமுக்கும்மா!” என்பேன் நான்.

“நீ வாய மூட்றா, குவைத்து துரை.”

இடது சக்கரம், வலது சக்கரம், மறுபடி இடது. திருகை மாற்றினார்கள். வாஷரை மாற்றினார்கள். கொண்டுபோன சோறு ஆறியது, சாப்பிட்டோம், வெயிலும் இறங்கியது. காற்று மட்டும் போகவில்லை. மேஸ்திரி கார் செய்தவனைத் திட்டி, பிரேக் செய்தவனைத் திட்டி, கடைசியில் வெறுத்துப்போய் வெளியே வந்து எழுந்து நின்றார். அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டே, “தொக்கம்மா” என்றார்.

அம்மா அமுக்கியிருந்த காலை அழகாகத் தூக்கினார்.

“அய்யோ அம்மா! தொக்கமண்டே எத்துதாவேமி!” என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். மிதி என்றால் தூக்குகிறாயே!

“தூக்குன்னுதானே சொன்னே? தூக்கினேன்” என்றார் அம்மா.

மேஸ்திரி சிரித்த சிரிப்பில் ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து பஞ்சர் கடைக்காரரும் வந்து சிரித்தார். நானும் சிரித்தேன். நைனா மட்டும் சிரிக்கவில்லை. எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார். நல்ல திட்டு விழப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

“ரெண்டே வருசம்மே. ஓடிப்பூடும்” என்றார் நைனா. “இப்ப அமுக்கு.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு காலையும் பெடலில் வைத்து அமுக்கினார். குழாயில் எண்ணெய் முன்னே வந்தது, திரும்பிப் போகவில்லை.

சாயங்காலம் லாட்ஜ்காரர் பக்கத்தில் உட்கார, நைனா ஓட்டிப்போய் ஒரு மிதி மிதித்தார். லாட்ஜ்காரரின் கண்ணாடி மடியில் வந்து விழுந்தது. அவருக்கு ரொம்ப சந்தோஷம். காரை அங்கேயே எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் நைனா சென்னைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து குவைத்துக்குப் போனார். அவரும் அந்தக் கார் மாதிரிதான், சொன்ன இடத்தில் நிற்கவில்லை. ரெண்டு வருசம் என்று போனவர், நான் பத்தாவது பரீட்சை எழுதும்போதுதான் திரும்பி வந்தார்.

என் அம்மாவுக்குத் தெலுங்கு வராது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். காலையில் பஸ்ஸில் ஒரு ஆளை ஒற்றைக் காலில் நிற்க வைத்த அதே வார்த்தை, அம்மாவுக்கு ஷெட்டுக்குள் வந்ததும் எப்படித் தெரியாமல் போனது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நைனா புறப்பட்ட அன்று அம்மா பஸ் நிற்குமிடத்திலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. நான் மட்டும் வீட்டுக்குப் பின்னால், கார் நின்ற இடத்துக்குப் போனேன். ஷெட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலும் குழாயும் என்னிடம் இருந்தன. குழாயின் ஒரு முனையை எண்ணெய்க்குள் விட்டு மறுமுனையில் வாயை வைத்தேன். நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள், அது விஷம். மெல்ல ஊதினேன். ஷெட்டில் வந்த மாதிரியே ஒரு குமிழி வந்தது. அது உடைவதற்குள் இன்னொன்று ஊதினேன்.